பெண்கள் விடுதியில் மல்லாட்டை

அறுபத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் முதல்வர் ரங்கநாதன் நீலாவதியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவள் கணக்கு விரிவுரையாளர். செஞ்சிக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

"ராஜகிரி மலைக்கு எதிரே நம்ம பெண்கள் விடுதியைக் கட்டி முடிச்சாச்சு. நீங்கதான் வார்டன். அதுக்குன்னு தனியா சம்பளம் கிடையாது. ஆனா தங்க அறையும் சாப்பாடும் உண்டு" என்றார்.

நீலாவதி யோசிக்கவே இல்லை, சரி என்று சொல்லிவிட்டாள். அவள் திண்டிவனத்துக்காரி. சென்னையில் படித்த காலம் முழுக்க விடுதியில் இருந்தவள். அந்த நாட்களைப் போல் கலகலப்பான நாட்கள் அதற்கப்புறம் அவளுக்கு வாய்க்கவில்லை. செஞ்சியில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்திருந்தாள். ராத்திரி சாப்பாடு ஆனதும் வீட்டுக்காரர் வந்து, "கரண்ட் பில் ஏறுதும்மா" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்வார். முப்பத்திரண்டு வயதில் இதைக் கேட்டுக்கொண்டிருக்க அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

விடுதிச் சாவி கல்லூரியில் இல்லை. செயலாளர் சிங்காரவேலு முதலியாரிடம் இருக்கிறது என்றார்கள். முதலியார் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர்; வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். பத்தாவதுகூடத் தாண்டாதவர். ஆனால் செஞ்சிக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கி நன்கொடை வாங்கியவர் அவர்தான். அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும்.

சாவியைக் கேட்டதும் முதலியார் கொஞ்சம் நெளிந்தார்.

"இன்னாத்துக்கு இப்பவே அவசரம்? பொண்ணுங்க யாரும் இன்னும் சேரலியே."

"அறையைப் பெருக்கித் துடைக்கணும் ஐயா. நான் இந்த வாரமே குடிவரலாம்னு இருக்கேன்."

"குடிவரப் போறீங்களா?" என்று கேட்டார். பிறகு கல்லாவுக்குள் கையை விட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தார். "வடபக்கத்துப் பெரிய ரூமை மட்டும் தொறக்காதீங்க. சுண்ணாம்பு இன்னும் காயல."

நீலாவதி விடுதிக்குப் போனதும் முதலில் திறந்தது அந்த அறையைத்தான். கதவைத் தள்ளியதும் பச்சை மண்ணும் எண்ணெயும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. தரையிலிருந்து ஜன்னல் உயரத்துக்கு மல்லாட்டை மூட்டைகள் அடுக்கியிருந்தன. பக்கத்து அறையிலும் அப்படித்தான். கோடைப் பட்டத்து அறுவடை அந்த வருஷம் நன்றாக இருந்தது. மண்டியில் இடம் போதாமல், காலியாகக் கிடந்த கட்டடத்துக்கு முதலியார் மூட்டைகளை அனுப்பியிருந்தார்.

அவளுக்குக் கோபம் வந்தது. அறை வாசலில் நின்று யோசித்தபோது, இந்த மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. கடைசியில் வாசல் பக்கத்துச் சின்ன அறையைப் பெருக்கிக் கழுவி, அந்த வாரமே தன் பெட்டியையும் படுக்கையையும் கொண்டுவந்து போட்டாள். அங்கே விளக்கை எந்நேரம் வரையிலும் எரியவிடலாம். முதல் ராத்திரி வேண்டுமென்றே வெகுநேரம் எரியவிட்டாள்.

ஜூலை தொடக்கத்தில் டெல்லியில் மானியம் தரும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விடுதிக்கான மானியத்தில் முக்கால் பாகம் கட்டடம் எழும்பும்போதே வந்துவிட்டது. மீதி வரவேண்டுமானால் ஓர் அதிகாரி வந்து பார்த்து எழுத வேண்டும். ஆகஸ்டில் ராமகிருஷ்ணன் என்பவர் வருகிறார் என்று கடிதம் சொன்னது. நிபந்தனைகளையும் மறுபடி எடுத்துச் சொல்லியிருந்தார்கள். கட்டடத்தை வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது. வார்டன் உள்ளேயே தங்க வேண்டும். பன்னிரண்டு பெண்களாவது தங்கிப் படிக்க வேண்டும். நிர்வாகமும் தன் பங்கைப் போட்டிருக்க வேண்டும்.

ரங்கநாதன் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். முதலியாரும் நீலாவதியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"மூட்டையை எடுத்துடலாம், அது ஒண்ணும் பெரிசில்ல" என்றார் முதலியார். "பொண்ணுங்களுக்கு எங்க போறது?"

ரங்கநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "உள்ளூர்லருந்து வர்ற பொண்ணுங்க பதினஞ்சு பேர் நம்மகிட்ட படிக்கிறாங்க. அவர் வர்ற அன்னிக்கு ஆளுக்கு ஒரு பெட்டியும் பாயும் கொண்டாரச் சொல்லி விடுதில உட்காரவச்சிட்டா... ஒரு நாள்தானே. வார்டன்ங்கற முறையில நீலாவதி அம்மா ஒரு சான்று எழுதிக் கொடுத்தா முடிஞ்சிடும்."

"நான் எழுத மாட்டேன் சார்" என்றாள் நீலாவதி.

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஆனாலும் இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரோட சொந்தப் பணத்தையும் எடுக்கலியே அம்மா. காலேஜுக்குத்தானே வருது" என்றார் முதலியார். அவர் முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது. "கட்டடம் கட்டக் காசு குடுத்தாங்க. கட்டிட்டோம். இனிமே அது நம்ம கட்டடம் இல்லியா?"

"பொண்ணுங்களுக்காகக் கொடுத்தது ஐயா. பொண்ணுங்க இல்லாம அது என்ன விடுதி? அந்தப் பதினஞ்சு பேரும் எங்கிட்ட கணக்குப் படிக்கிறவங்க. பொய்யா பெட்டியைத் தூக்கிட்டு வாங்கன்னு அவங்ககிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்?"

 

"அப்ப இன்னா செய்யலாங்கறீங்க?" என்றார் முதலியார்.

"ஆகஸ்ட் வரைக்கும் டைம் இருக்கு. புகுமுக வகுப்புக்குச் சேர்க்கையும் முடியல. நான் ஊர் ஊராப் போய்க் கேட்கிறேன். எத்தனை பேர் வர்றாங்களோ, அத்தனை பேர்னு உள்ளதைச் சொல்லுவோம்."

ரங்கநாதனுக்கு நம்பிக்கை இல்லை. தடுக்கவும் மனம் வரவில்லை. "போய்ட்டு வாங்க" என்றார்.

பெண்கள் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையிடம், எஸ்.எஸ்.எல்.சி. தேறியும் மேலே படிக்காமல் நின்றுவிட்ட பெண்கள் யார் யார் என்று கேட்டுக்கொண்டு நீலாவதி கிளம்பினாள். சனி, ஞாயிறுகளில் பஸ் பிடித்துப் போவாள். பஸ் போகாத ஊருக்கு நடப்பாள். அவலூர்பேட்டையில் ஒரு வெற்றிலைக் கடைக்காரர் அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, பெண்ணுக்கு ஐப்பசியில் கல்யாணம் என்று சொல்லி அனுப்பினார். வேறோர் ஊரில், "நீங்களே இன்னும் கல்யாணம் கட்டாம இருக்கறீங்க, எங்க பொண்ணுக்கு இன்னா சொல்லித்தரப் போறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "கணக்குச் சொல்லித்தருவேன்" என்றாள் நீலாவதி. அந்தப் பெண்மணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெண்ணை மட்டும் அனுப்பவில்லை.

தொண்டூரில் பாவாடை என்ற விவசாயியின் வீட்டுக்குப் போனபோது, அவர் மகள் ஆண்டாள் கிணற்றடியில் தவலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணக்கில் தொண்ணூறு வாங்கியவள். கல்லூரி டீச்சர் வந்திருக்கிறார் என்றதும் தவலையைப் போட்டது போட்டபடி விட்டு, கை ஈரத்தைத் தாவணியில் துடைத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள்.

"படிக்கட்டும், நான் வேணாங்கல" என்றார் பாவாடை. "ஆனா தெனம் போய்வர பஸ் சரிப்படாது. அங்கயே தங்கறதுன்னா... வயசுப் பொண்ணும்மா. ஊர்ல நாலு பேரு நாலு பேசுவாங்க."

"நைனா, பெரியப்பா மவன் மெட்ராஸ்ல தங்கல?" என்றாள் ஆண்டாள் கதவோரமிருந்தே.

"அவன் ஆம்பள."

அதுவரை பேசாமல் அடுப்படியில் இருந்த ஆண்டாளின் அம்மா ரத்தினம்மாள் வெளியே வந்தாள். நல்ல உயரம். குரலும் அப்படியே.

"டீச்சரம்மா, நீங்க எங்க தங்கறீங்க?"

"அங்கேயேதான். வாசல் பக்கத்து அறையில."

"தண்ணிக்கு?"

"உள்ளேயே கிணறு இருக்கு."

"குளிக்கற எடம் உள்ளயா, வெளியவா?"

"உள்ளே."

"கொல்லப்பக்கம்?"

நீலாவதி தயங்கினாள். பின்புறம் மலை வரைக்கும் முள்காடுதான். இடுப்பு உயரத்துக்கு ஒரு முள்வேலி மட்டும் போட்டிருந்தார்கள். அதை மறைக்காமல் சொன்னாள்.

ரத்தினம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். "வர்ற சந்தைக்கு செஞ்சி வரேன். கண்ணால பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

சந்தை நாளன்று அவள் தனியாக வரவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து ஐந்தாறு பெண்கள் கூடைகளோடு அவள் பின்னால் வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் பள்ளி முடித்த பெண்கள் இருந்தார்கள். நீலாவதி முதல்நாளே முதலியாரிடம் போய், மூட்டைகளை எடுத்துவிடும்படி மன்றாடியிருந்தாள். "காலைல வண்டி அனுப்பிடறேன்" என்று சொல்லியிருந்தார். வண்டி வரவில்லை. பதினோரு மணிக்குப் பெண்கள் வந்தபோது வடபக்கத்து அறை நிறைய மூட்டைகள். மூட்டைகளுக்கு முன்னால் முதலியார், வண்டிக்காரனைத் திட்டிக்கொண்டு.

ரத்தினம்மாள் சமையல்கட்டைப் பார்த்தாள், கிணற்றில் எட்டிப் பார்த்தாள், குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு வடபக்கத்து அறைக்கு வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் உள்ளே போய் ஒரு மூட்டையின் வாயைத் தடவினாள். சிவப்புச் சேலைக் கரையைக் கிழித்து ஒட்டுப்போட்டுத் தைத்த மூட்டை அது.

"இது என் தையலு" என்றாள். "இது எங்க மல்லாட்ட."

 பாவாடையிடம் முதலியார் மே மாதம் கொள்முதல் செய்த சரக்குதான்.

ரத்தினம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "இன்னா மொதலியாரே, எங்க மல்லாட்டைக்கு மச்சு வூடு கட்டி, ஜன்னல் வச்சி, பூட்டு போட்டுப் பாதுகாத்து வச்சிருக்கீங்க. எங்க பொண்ணுக்கு மட்டும் முள்ளுவேலியா?"

கூட வந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி கூடையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். முதலியார் முகம் சிவந்து, பிறகு கோணி, கடைசியில் அவருக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிந்ததும், "செவுருதானே வேணும்? இன்னா ஒசரம் வேணும்னு சொல்லு தாயி" என்றார்.

ரத்தினம்மாள் கையைத் தலைக்குமேல் தூக்கினாள். அவள் கையோ நீளமான கை.

மறுநாளே கொத்தனார் வந்துவிட்டார். மூட்டைகளும் அன்று சாயங்காலத்துக்குள் மண்டிக்குப் போய்விட்டன. ரங்கநாதனுக்கு மட்டும் பயம். மானியத்துக்கு ஒப்புதல் ஆன திட்டத்தில் மதில் என்ற பேச்சே இல்லை. மானியப் பணத்தில் ஒரு செங்கல் வாங்கினாலும் ஆட்சேபம் வரும் என்றார்.

"மானியத்துல வாங்க வேண்டாம் சார்" என்றாள் நீலாவதி. "நிர்வாகத்தோட பங்குல இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கில்ல? மதிலை அந்தப் பங்குல சேர்த்துக்க அனுமதி கேட்டு இன்னிக்கே எழுதிப்போடுவோம். ஒத்துக்கிட்டா நல்லது. ஒத்துக்கலேன்னாலும் மதில் மதிலாத்தானே இருக்கும்."

"ஒத்துக்கலேன்னா என் கைக்காசுன்னு நெனச்சிக்கிறேன்" என்றார் முதலியார். உடனே, "ஆனா செவுத்துல எங்க நைனா பேருக்கு ஒரு கல்லு பதிச்சிக்கலாமில்ல?" என்று கேட்டார்.

"அதுக்கும் அனுமதி கேட்கணும் ஐயா."

"சரி, அதையும் ஒரு வரி சேத்து எழுதிப்புடுங்க."

ஆகஸ்டில் ராமகிருஷ்ணன் வந்து இறங்கியபோது விடுதியில் ஒன்பது பெண்கள் இருந்தார்கள். ஆண்டாள் வடபக்கத்து அறையில் மற்ற மூன்று பேரோடு இருந்தாள். பன்னிரண்டுக்கு இன்னும் மூன்று குறைவு. முதல்நாள் சாயங்காலம் ரங்கநாதன் நீலாவதியிடம், "மூணே மூணு பேர்தானே..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, விடுங்க" என்று தானே முடித்துக்கொண்டார்.

அதிகாரி பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். ஒல்லியான, சாந்தமான மனிதர். அறை அறையாகப் போய்ப் பார்த்தார். பெண்களிடம் என்ன படிக்கிறீர்கள், ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். தங்குகிற பெண்கள் எத்தனை பேர் என்றதற்கு, "ஒன்பது பேர் சார். பன்னிரண்டு ஆகல" என்றாள் நீலாவதி. அவர் குறித்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வடபக்கத்து அறைக்கு வந்ததும் மூக்கை உறிஞ்சினார். "எண்ணெய் வாசனை வருதே. இங்கே சமையல் நடக்கிறதா?"

ரங்கநாதன் நீலாவதியைப் பார்த்தார். நீலாவதி வாயைத் திறப்பதற்குள் முதலியார் முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் சார். ஜூலை வரைக்கும் இந்த ரெண்டு ரூம்லயும் என் மல்லாட்ட மூட்டைய அடுக்கி வச்சிருந்தேன். தப்புன்னு அப்பத் தெரியல. தெரிஞ்சப்புறம் எடுத்துட்டேன். இந்தம்மா மேல ஒண்ணுமில்ல, அவங்கதான் எடுத்துடச் சொல்லி மன்றாடினாங்க."

நீலாவதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். மண்டியில் தன் சொல்லுக்கு மறுசொல் கேட்டறியாத மனிதர், ஒன்பது பெண்கள் பார்த்திருக்க, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள்?"

"ரெண்டு மாசம் இருக்கும் சார்."

"அப்படியானால் ரெண்டு மாசத்துக்கு நியாயமான வாடகையை விடுதிக் கணக்கில் கட்டுங்கள். ரசீதின் நகலை எனக்கு அனுப்புங்கள். நானும் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்." பிறகு நீலாவதியிடம், "எண்ணிக்கை குறைகிறது. இப்போது மீதித் தொகைக்கு என்னால் பரிந்துரைக்க முடியாது. டிசம்பர் வரைக்கும் அவகாசம் கேட்டு எழுதுங்கள். கொடுக்கலாம் என்று நான் குறிப்பு வைக்கிறேன்" என்றார்.

மத்தியானம் அவர் பெண்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டார். போகும்போது பின்புறம் போய்ப் ஏறக்குறைய முடிந்திருந்த மதிலை நிமிர்ந்து பார்த்து, "ஜெயிலுக்குக்கூட இவ்வளவு உயரம் வேண்டாமே" என்றார். ஆண்டாள், "எங்க அம்மா ஒசரம் சார் அது" என்றாள். அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தார்.

அவகாசம் கிடைத்தது. மதிலையும் நிர்வாகத்தின் பங்கில் சேர்த்துக்கொள்ள ஒப்புதல் வந்தது. கல் பதிப்பதற்கு மட்டும் விதியில் இடமில்லை என்று எழுதிவிட்டார்கள். முதலியார் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். வாடகையை மட்டும் மறுபேச்சில்லாமல் கட்டினார். அந்தப் பணத்தில் நீலாவதி பெண்களுக்கு இரண்டு பெரிய மேஜைகள் வாங்கிப் போட்டாள்.

செப்டம்பர் போயிற்று, அக்டோபர் போயிற்று. புதிதாக ஒரு பெண்ணும் சேரவில்லை. நீலாவதி மறுபடியும் சனிக்கிழமை பஸ் ஏறிப் பார்த்தாள். கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிட்டது. இனி யார் வருவார்கள்? ஒன்பது பேரும் அதற்குள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல் ஆகிவிட்டிருந்தார்கள். சாயங்காலம் அவர்கள் போடும் இரைச்சலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவது அவளுக்குப் பிடித்திருந்தது. எண்ணிக்கை நினைவுக்கு வந்தால்தான் திருத்துகிற பேனா நின்றுவிடும். மீதிப் பணம் வராமல் கட்டடச் செலவின் பாக்கி நிர்வாகத்தின் தலையில் விழுந்தால் சமையல்காரிக்கும் காவலுக்கிருக்கிற அம்மாளுக்கும் அடுத்த வருஷம் சம்பளம் கொடுக்க வழியில்லை.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஏரிகள் நிரம்பி வழிந்து கோடி போயின. அவலூர்பேட்டைச் சாலையில் தரைப்பாலத்தின்மேல் வெள்ளம் புரண்டு, மத்தியானத்துக்குமேல் பஸ் நின்றுவிட்டது. வீட்டில் விடுதிக்கு விடாததால் அந்தப் பக்கத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து படிக்கிற ஆறு பெண்கள் கல்லூரி வராந்தாவில் நனைந்த கோழிக்குஞ்சுகளாக நின்றார்கள். ரங்கநாதன் குடையைப் பிடித்துக்கொண்டு அவர்களை அழைத்துவந்து விடுதி வாசலில் விட்டார்.

"வேற வழியில்ல நீலாவதி அம்மா. பஸ் விடற வரைக்கும் இங்க இருக்கட்டும்."

ஆண்டாள் அவர்களுக்குத் தன் தாவணிகளை எடுத்துக் கொடுத்தாள். சமையல்காரி ரசத்தைப் பெருக்கி வைத்தாள். மழை மூன்றாம் நாள்தான் வெறித்தது. தரைப்பாலத்தில் தண்ணீர் வடிந்ததும் தகப்பன்மார்கள் பதறியடித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் அவலூர்பேட்டை வெற்றிலைக் கடைக்காரரும் ஒருவர். ஜூலையில் நீலாவதிக்குச் சோடா வாங்கிக் கொடுத்தவர்தான். அவருடைய மூத்த மகளுக்குத்தான் ஐப்பசியில் கல்யாணம் நடந்திருந்தது. இளையவள் ஜெயம் இரண்டு வருஷமாகவே தினம் பஸ்ஸில் வந்து படிக்கிறவள்.

"வா கண்ணு, வூட்டுக்குப் போலாம்" என்றார்.

ஜெயம் நகரவில்லை. "நைனா, ஊருக்கு வந்துட்டுத் துணியெல்லாம் எடுத்துக்கினு திரும்பி வந்துடறேன். இங்கயே இருக்கேன். பஸ்ல நின்னுக்கினே வந்தா தூக்கம்தான் வருது. இங்க ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து கணக்குப் போடறோம்."

அவர் விடுதியைச் சுற்றும்முற்றும் பார்த்தார். நடந்துபோய்ப் பின்புறம் மதிலையும் பார்த்தார். நீலாவதி கூடப் போகவில்லை. சொல்லவேண்டியதை இப்போது கட்டடமே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

"மாசம் சாப்பாட்டுக்கு இன்னா ஆவும்?" என்று அவர் கேட்டபோது, நீலாவதி சாப்பாட்டுக் கணக்கு நோட்டை எடுத்துவர உள்ளே ஓடினாள்.

ஆறு பேரில் நான்கு பேர் பெட்டியோடு திரும்பி வந்தார்கள். டிசம்பரில் நீலாவதி சான்று எழுதி, பதின்மூன்று பெயர்களையும் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதும்போது அவளுக்குக் கை கொஞ்சம்கூடக் கூசவில்லை. ரங்கநாதன் அதைப் படித்துவிட்டுத் தானும் கையெழுத்துப் போட்டு, "எனக்கு இப்பத்தான் நிம்மதியாத் தூக்கம் வரும்" என்றார்.

மார்ச் மாதம் மீதி மானியம் வந்து சேர்ந்தது. செய்தி தெரிந்ததும் முதலியார் மண்டியைப் பாதியில் விட்டு, இரண்டு பொட்டலம் மைசூர்பாகோடு விடுதிக்கு வந்தார். வாசலோடு நின்றுகொண்டு, "உள்ள வரலாமா டீச்சரம்மா, இல்ல அதுக்கும் டெல்லிக்கு எழுதணுமா?" என்றார்.

"பார்வையாளர் நேரம் அஞ்சு மணிக்குமேல ஐயா" என்றாள் நீலாவதி. மணி நாலரைதான் ஆகியிருந்தது.

முதலியார் வேப்பமரத்தடியில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே எந்த அறைக்கு மலைக்காற்று அதிகம் வருகிறது என்று ஜெயமும் ஆண்டாளும் போட்டுக்கொண்டிருந்த சண்டை வாசல் வரைக்கும் கேட்டது. நீலாவதி அவருக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.